புள்ளி இல்லாத ஜாதகம்

நீரஜாவுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. சாப்பிடுவது நின்றபடி. பேப்பர் படிப்பது நடந்தபடி. போனில் பேசும்போது ஒயர் எட்டுகிற தூரம் வரைக்கும் போய்ப் போய்த் திரும்புவாள். மந்தைவெளி பஸ் டெப்போவுக்குப் பின்னால் ஒரு சந்து வீட்டில் கீழ்ப் போர்ஷன் அவளுடையது, மாடிப் போர்ஷன் என்னுடையது. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அவள் கம்ப்யூட்டர் ஜாதகம் போட்டு, வரன் பார்த்துக் கொடுப்பவள். எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை, அதை அவளிடம் மறைத்ததும் இல்லை. "நீ நம்பாட்டா போயேன் செண்பகம், கிரகத்துக்கு என்ன நஷ்டம்?" என்பாள். இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே பல வருஷம் ஒரே பம்பில் தண்ணீர் அடித்துவிட்டோம்.

இருபத்திரண்டு வயதில் கல்யாணம் ஆகி, ஒரு வருஷம்கூட நிறையாமல் ஒற்றைப் பெட்டியோடு திரும்பி வந்தவள் அவள். ஏன் வந்தாய் என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் கௌரவம் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு மிச்சம் இருந்தது அண்ணா பரத்வாஜ் மட்டும். பெங்களூரில் பேங்க் அதிகாரி. "தனியா எதுக்குக் கஷ்டப்படறே? இங்க வந்து மன்னிக்கு ஒத்தாசையா இரேன்" என்று மாதம் தவறாமல் போன் செய்வார். அந்த ஒத்தாசை விடியற்காலைக் காபியில் ஆரம்பித்து ராத்திரி பாலுக்கு உறை குத்துவதில்தான் முடியும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். "இது ஓடற வரைக்கும் நான் வரமாட்டேன் அண்ணா" என்று நீரஜா ஒரு தடவை கம்ப்யூட்டர் மேல் கையை வைத்துச் சொல்லிவிட்டாள். அவர் அதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டு, அது நிற்கும் நாளுக்காகக் காத்திருந்தார்.

தொண்ணூற்றெட்டு கார்த்திகை மாசத்தில் நின்றது. கம்ப்யூட்டர் அல்ல, பிரிண்டர். சுவரிலிருந்து ஒரு பல்லி அதற்குள் விழுந்து, உள்ளே எதிலோ வால் பட்டு, 'பட்' என்று ஒரு சத்தம். பல்லியும் போயிற்று, பிரிண்டரும் போயிற்று. பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கத்தில் ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருக்கிறான். பிரிண்டரில் விழுந்தால் என்ன பலன் என்று மட்டும் போடவில்லை. நான் இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

சிரிக்கும் விஷயமும் இல்லை. அவளுடைய ஜாதக புரோகிராமை எழுதியவன் கோட்டூர்புரத்து அனிருத். காலேஜில் படித்தபோது ஆசைக்கு எழுதிக் கொடுத்தான். அப்போது விண்டோஸ் எல்லாம் கிடையாது, டாஸ்தான். கறுப்புத் திரையில் பச்சை நிறத்தில் ஆங்கில எழுத்து மட்டும்தான் வரும். அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழே தெரியாது, தமிழ் பிறப்பது பிரிண்டரில். அதன் தலையில் ஒன்பது ஊசிகள். 'அ' என்றால் எந்தெந்த ஊசி எங்கே குத்த வேண்டும், 'ஜ' என்றால் எங்கே என்று ஒவ்வோர் எழுத்துக்கும் அனிருத் உட்கார்ந்து கணக்குப் போட்டு வைத்திருந்தான். அதனால் அந்த மாதிரி பிரிண்டர் இருந்தால்தான் ஜாதகம். அந்த மாதிரியோ கம்பெனிக்காரன் செய்வதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. அனிருத் அமெரிக்காவில். "ஆன்ட்டி, புது சாஃப்ட்வேர் வாங்கிடுங்களேன்" என்று ஒரு வரி பதில் எழுதினான். புதுசு வாங்கினால் புதுக் கம்ப்யூட்டரும் வாங்க வேண்டும், பழையதில் இருக்கும் அத்தனை பேர் ஜாதகத்தையும் முதலிலிருந்து அடிக்க வேண்டும். அதற்குள் தை வந்து போய்விடும்.

அண்ணாவுக்குச் செய்தி எப்படிப் போயிற்றோ தெரியாது, போய்விட்டது. "பொங்கல் கழிஞ்சு வரேன். சாமானைக் கட்டி வை" என்றார் போனில். அதோடு நிற்கவில்லை. வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, தை மாசத்தோடு காலி என்று சொல்லிவிட்டார். நீரஜாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு வகுப்பில் பாவம் ஒரு பெண்ணை ஒற்றுப்பிழைக்காக நிற்க வைத்துவிட்டேன்.

ஆரம்பித்தது அலைச்சல். பள்ளிக்கூடம் விட்டதும் என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். முதலில் ரிச்சி தெரு. கம்ப்யூட்டர் பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். கடைக்காரர் அதை ஒரு திரையில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், டாஸா? இன்னுமா இத்த ஓட்டிக்கினு கீறீங்க?" என்றார். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். புதிதாக வந்த மை தெளிக்கும் பிரிண்டர் ஒன்றை மாட்டினார்கள். சத்தமே இல்லாமல் தாள் வெளியே வந்தது. மீசை வைத்த ஆங்கில எழுத்துகள், கேள்விக்குறிகள், நடுவில் ஒரு பவுண்டுக் குறி. லக்னத்தில் பவுண்டு இருந்தால் லண்டன் மாப்பிள்ளைதான் என்றேன். "வாயை மூடிண்டு வா" என்றாள்.

அடுத்தது தி.நகர். உஸ்மான் ரோட்டில் ஒரு பாத்திரக்கடை முதலாளியின் மகளுக்கு நீரஜா வரன் பார்த்துக் கொடுத்திருந்தாள். அவர்கள் கணக்கு ரூமில் அகலமான பிரிண்டர் ஒன்று இருந்தது. அதில் தமிழ் வந்தது! நானே ஒரு விநாடி சந்தோஷப்பட்டுவிட்டேன். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி விழுந்ததால், ராசிக் கட்டத்தின் கோடுகள் விட்டு விட்டு நின்றன. கணக்குப்பிள்ளை தாளைக் கையில் வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"கட்டத்துல சந்து சந்தா இருக்கேம்மா. குரு வெளிய போயிட மாட்டாரா?"

விளையாட்டுக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. நீரஜாவும் அதே கவலையோடு தலையை ஆட்டினாள். "அடைப்பு இல்லாத கட்டத்தை யார் கையில வாங்குவா?" நான் படியிறங்கி வந்து ரோட்டில் நின்றுகொண்டேன்.

அப்புறம் மயிலாப்பூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ், அடையாறில் ஒரு மருந்து மொத்த வியாபாரி, மந்தைவெளியிலேயே ஒரு சீட்டுக் கம்பெனி. எங்கே டர்ர் டர்ர் என்று சத்தம் கேட்டாலும் நீரஜா உள்ளே நுழைந்துவிடுவாள். ஒரு தடவை அது தையல் மிஷின். அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. கார்த்திகை முடியப்போகிறது, மார்கழியில் யாரும் ஜாதகப் பேச்சு எடுக்க மாட்டார்கள், அதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று வாசலில் ஆட்கள் வந்து வந்து திரும்பினார்கள். "இன்னும் ரெடியாகலையா மாமி?" என்று ஒருத்தர் கேட்டால், அன்று முழுக்க அவளைப் பிடிக்க முடியாது.

கடைசியில் ராயப்பேட்டையில் கிடைத்தது. மூடிப்போன ஆபீஸ்களின் மேஜை நாற்காலி மிஷின்களை மொத்தமாக வாங்கிப் போட்டு விற்கும் மெஹபூப் பாஷாவின் கிடங்கு. ஃபேன்களுக்கும் டைப்ரைட்டர்களுக்கும் அடியிலிருந்து அவர் அதை இழுத்து எடுத்தார். அதே மாதிரி, அதே கலர், அதே சுருக்கம் விழுந்த மூடி. நீரஜா என் கையைக் கிள்ளினாள்.

"லாரி ஆபீஸ்ல இர்ந்து வந்த மாலும்மா. ரிப்பன் காஞ்சிப்பூட்ச்சு, அத்தொட்டு எய்த்து வராது. ஆனா சவுண்டு கேளு" என்று பிளக்கைச் சொருகினார் பாஷா. தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. நீரஜா கண்ணை மூடிக்கொண்டு சபாவில் கச்சேரி கேட்பவள் மாதிரி தலையை லேசாக ஆட்டினாள்.

"எப்டி கீது?"

"அதே நாதம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து பழைய ரிப்பனைப் போட்டு ஒரு தாளை விட்டாள். தமிழ் வந்தது. கட்டம் அடைப்போடு வந்தது. குரு, சுக்கிரன், சனி எல்லாரும் அவரவர் இடத்தில். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாசலில் ஆட்கள். மார்கழி பிறக்கும்வரை அந்தப் பிரிண்டர் ஓயவே இல்லை. தாள் சூடு ஆறுவதற்குள் மடித்து, மஞ்சள் தடவி, கையில் கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தாள். நானும் தாள்களை அடுக்கிக் கொடுத்தேன். படிக்கவில்லை, ஜாதகம் படிப்பதில்லை என்பது என் கொள்கை.

மார்கழி பிறந்த வாரத்தில் ஒரு காலை, அடையாறு காந்தி நகரிலிருந்து வர்ஷினி என்ற பெண்ணின் அப்பா வந்தார். ரிட்டயர்ட் இன்ஜினியர். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, தன்னிடம் இருந்த ஜாதகப் பிரதியை மேஜைமேல் போட்டார். சத்தம் எனக்கு மாடிக்குக் கேட்டது.

"என்ன போட்டிருக்கேள் என் பொண்ணு ஜாதகத்துல? மாப்பிள்ளை ஆத்துல படிச்சுட்டு போனை வெச்சுட்டா!"

"என்ன மாமா? நல்ல ஜாதகமாச்சே" என்றாள் நீரஜா.

"ரெண்டாம் பக்கம். மூணாவது வரி. படிங்கோ."

அவள் படித்தாள். "ஜாதகி உயர் கல்வியில் சிறந்து விளங்குவாள்."

"எழுத்து எழுத்தாப் படிங்கோ!"

"உயர் கல்வியில்..."

"ஐயோ, நான் எப்படிச் சொல்வேன்!" என்று அந்த மனுஷர் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நீரஜா படிக்கட்டுக்கு ஓடிவந்து, "செண்பகம், கொஞ்சம் கீழ வாயேன், எனக்கு ஒண்ணும் புரியலை" என்று கத்தினாள்.

நான் போய்த் தாளை எடுத்தேன். தமிழ் டீச்சர் கண்ணுக்கு ஒரே பார்வை போதும். அந்தத் தாளில் ஒரு புள்ளிகூட இல்லை. ஒன்பது ஊசியில் மேல் ஊசி உடைந்திருக்கிறது. அனிருத் எல்லா எழுத்துகளையும் கட்டத்தின் கோடுகளையும் கீழே எட்டு ஊசிக்குள் அடக்கி, புள்ளி வைக்கும் வேலையை மட்டும் மேல் ஊசிக்குக் கொடுத்திருக்கிறான். 'செவ்வாய்' 'செவவாய' என்று வந்திருந்தது, 'சுக்கிரன்' 'சுககிரன'. அதெல்லாம் போகட்டும், கண்ணே புள்ளியைச் சேர்த்துப் படித்துவிடும். நீரஜாவின் கண் அப்படித்தான் படித்தது. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் படித்தது அங்கே இருந்ததை. 'ஜாதகி உயர கலவியில சிறநது விளஙகுவாள.'

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன். முடியவில்லை. புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடி, துணி துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். திரும்பி வந்தபோது நீரஜாவின் முகம் வெளுத்திருந்தது.

"எல்லார் ஜாதகத்துலயும் கல்வி இருக்கேடி" என்றாள்.

வாஸ்தவம். பெண்ணோ பிள்ளையோ, படிப்பைப் பற்றி ஒரு வரி போடாமல் அனிருத் யாரையும் விட்டதில்லை. அத்தனை தாள்களும் மந்தைவெளியிலிருந்து தி.நகர் வரை வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தன. இனி யார் இவளிடம் வருவார்கள்? அண்ணா வந்து சாமானைக் கட்டுவதற்குக்கூட வேலை இருக்காது, இவளே கட்டி வைத்துவிடுவாள் என்று எனக்குப் பயம் வந்தது.

அவள் கட்டவில்லை. மேஜை டிராயரிலிருந்து ஒரு கறுப்பு இங்க் பேனாவை எடுத்தாள். முதலில் வர்ஷினியின் அப்பா எதிரிலேயே அந்தத் தாள் முழுக்கப் புள்ளி வைத்தாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். பாஷா கிடங்கிலும் விசாரித்தாள். "ஊசி ஒடிஞ்சா ஒடிஞ்சதுதாம்மா, இதுக்குப் புது தலை எங்கியும் கெடைக்காது. அதான் எட்டு ஊசி கீதே!" என்றார் அவர். எட்டு ஊசியும் ஒரு பேனாவுமாக நீரஜா வீடு வீடாக ஏறினாள்.

விடிகாலையிலேயே கிளம்பிவிடுவாள். பனியில் பெண்கள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். "புள்ளி வெக்க வந்திருக்கேன்" என்பாள் இவள். "வாசல்ல வெச்சாச்சே மாமி" என்று ஒருத்தி கோலமாவுக் கிண்ணத்தோடு முழித்தாளாம். சில வீட்டில் திட்டினார்கள். சில வீட்டில் யாரும் அந்த வரியைக் கவனிக்கவே இல்லை, இவள் புள்ளி வைத்துவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்தாள். அவளுக்கு அதிகம் பயம், வர்ஷினியின் ஜாதகத்தைப் படித்துவிட்டுப் போனை வைத்த தி.நகர் மாப்பிள்ளை வீடுதான். துணைக்கு நானும் போனேன். கதவைத் திறந்தது மாப்பிள்ளையின் அம்மா.

"மாமி, உங்காத்துல இருக்கற ஜாதகத்துல ஒரு புள்ளி விட்டுப்போச்சு. அந்தப் பொண்ணு மேலயும் தப்பில்லை, கிரகத்து மேலயும் தப்பில்லை. என் மிஷின் மேலதான்" என்று வாசலில் நின்றபடியே கடகடவென்று ஒப்பித்தாள் நீரஜா.

அந்த அம்மாள் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். நீரஜா சுவரில் வைத்து, முதலில் அந்த வரியில் ஒற்றைப் புள்ளியைக் குத்தினாள். அந்த அம்மாள் வாங்கிப் படித்தாள். முகம் மெதுவாக மாறியது. அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள்.

"எங்காத்து மாமா ரெண்டு நாளா பஞ்சாங்கத்தைப் புரட்டிண்டிருக்கார்டியம்மா, எந்தக் கிரகம் அப்படி ஒரு பலனைத் தரும்னு!"

மூன்று பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அந்தச் சம்பந்தம் பிழைத்தது. அந்த அம்மாள் அதோடு விட்டாளா, பார்த்தசாரதி கோயிலில் ஒரு நாள், சபா கேன்டீனில் ஒரு நாள் என்று ஊர் முழுக்க அந்தக் கதையைச் சொன்னாள். மானம் போயிற்று என்று நினைத்தோம். ஆனால் கேட்டவர்கள் சிரித்துவிட்டு, "தப்புன்னா தானே வந்து திருத்தறாளாமே, விலாசம் சொல்லுங்கோ" என்று கேட்டார்கள்.

பொங்கல் கழிந்த மறுவாரம் பரத்வாஜ் வந்தார். வாசலில் டாக்சி. உள்ளே பெஞ்சில் ஆட்கள். நீரஜா பிரிண்டருக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டே, வந்து விழுகிற தாள்களில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்குப் பேர் ஓடறதா நீரு? நொண்டிண்டிருக்கு. கையால புள்ளி வெக்கறதுக்கு கம்ப்யூட்டர் எதுக்கு? ஓடற வரைக்கும்னு நீதானே சொன்னே? போதும், கிளம்பு."

பெஞ்சில் இருந்தவர்கள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். நீரஜா பேனாவை மூடாமலேயே திரும்பினாள்.

"அந்த ஆத்துலேர்ந்து நான் திரும்பி வந்தப்போ, ஏன் வந்தேன்னு நீங்க யாரும் ஒரு வார்த்தை கேக்கலை அண்ணா. இன்னிக்கு வரைக்கும் கேக்கலை. இங்க வரவா என்னை ஆயிரம் கேள்வி கேக்கறா. என் பொண்ணுக்கு எப்போ ஆகும், இந்த இடம் சரியா வருமா, நீங்க என்ன சொல்றேள்னு கேக்கறா. எனக்கு அது வேணும். அங்க வந்தா யார் என்னைக் கேப்பா?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். அவர் மகள் ஸ்நேஹாவின் பிறந்த தேதியும் நேரமும்.

"ஒரு இடம் வந்திருக்கு. மூடறதுக்கு முன்னாடி, கடைசியா இது ஒண்ணு..." என்று இழுத்தார்.

நீரஜா சீட்டை வாங்கி மற்றச் சீட்டுகளுக்கு அடியில் வைத்தாள். "உனக்கு முன்னாடி நாலு பேர் இருக்கா. உக்காரு."

பேங்க் அதிகாரி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த பெண்மணி நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, அவருக்கு எத்தனை குழந்தை, எந்த ஊர் என்று விசாரிக்க ஆரம்பித்தாள். டாக்சிக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். மூன்றாவது தடவை பரத்வாஜ் எழுந்து போய் அவரை அனுப்பிவிட்டு வந்தார். முறை வந்து ஸ்நேஹாவின் ஜாதகம் விழுந்தபோது நீரஜாவுக்கு வேறொரு வீட்டிலிருந்து போன். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, தாளையும் பேனாவையும் அண்ணாவிடம் நீட்டினாள். "அவசரம்னா நீயே வெச்சுக்கோ. எழுத்து எழுத்தாப் படி. ஒண்ணு விடாதே."

அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டு, கையெழுத்தைச் சரிபார்க்கும் அக்கறையோடு ஒவ்வொன்றாக வைத்தார். இரண்டாம் பக்கம் திருப்பினார். ஓரிடத்தில் பேனா நின்றது. காது மடல் சிவந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார், நான் மோட்டுவளையைப் பார்த்தேன். குனிந்து, அந்த இடத்தில் தாள் கிழியும்படி அழுத்தி ஒரு புள்ளி வைத்தார். அதை முடித்ததும், நீரஜா இன்னும் போனில் இருப்பதைப் பார்த்துவிட்டு, அடுத்தவர் ஜாதகத்தையும் எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார்.

அந்தச் சமயம் பார்த்து வீட்டுக்காரர் உள்ளே வந்தார். "வாங்க சார், வந்துட்டீங்களா? புதுசா ஒரு பார்ட்டி போர்ஷனைப் பார்க்க வரேன்றாங்க. எப்போ காலி பண்றீங்க?"

நீரஜா ஒயர் எட்டும் தூரத்தில் அப்படியே நின்றுவிட்டாள். ரிசீவரில் யாரோ ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

பரத்வாஜ் தலையைத் தூக்கவில்லை. "யார் சொன்னா காலி பண்றோம்னு?" என்றார். "இங்க எத்தனை பேர் காத்துண்டிருக்கா, பார்த்தேளா? நகருங்கோ, வெளிச்சத்தை மறைக்கறேள்."